வன்னிப் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு: போட்டியில்லாத ஒரு குழு வேலையைத் தொடங்கும் வழி

நியமனக் கடிதத்தோடு கிளிநொச்சிக்கோ, முல்லைத்தீவுக்கோ, மன்னாருக்கோ, வவுனியா வடக்குக்கோ வந்து இறங்கியிருக்கிறீர்கள். பிள்ளைகள் சேர்ந்து யோசித்து, சொந்தமாக ஏதாவது செய்யவேண்டும் என்ற ஆசையும் உங்களிடம் இருக்கிறது. அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் “மாணவரைக் குழுக்களாகப் பிரிக்க” என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். அதிபரிடம் எதை எழுதிக் கொடுப்பது, “படிப்பிக்காமல் விளையாட விடுகிறா” என்று வரும் பெற்றோருக்கு என்ன சொல்வது, புள்ளியை எங்கே பதிவது, எந்த மாதத்தில் தொடங்கினால் மழை குழப்பாது என்பதெல்லாம் அதில் இல்லை. நான் இவற்றைத் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அவ்வளவு அலையவேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் போட்டியை வளர்ப்பவை பெரும்பாலும் நாங்கள் நிரப்பும் கடதாசிகள்தான். முன்னேற்ற அறிக்கையில் ‘நிலை’ என்றொரு கட்டம், பரிசளிப்புக்கு முதல் மூவரின் பட்டியல், “உங்கட வகுப்பில யார் முதலாம் பிள்ளை?” என்ற கேள்வி. அவற்றைத் தொடாமல் மேசைகளை மட்டும் வட்டமாகப் போட்டால், தவணைப் பரீட்சை வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதனால் கீழே கடதாசி வேலையைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன்.

1. தரத்தையும் தவணையையும் தெரிவுசெய்யுங்கள்

தரம் 5 ஐத் தொடவேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளி. அந்த ஒரு வருடம் வீடு முழுக்க அதைச் சுற்றித்தான் ஓடும். எனக்கும் அந்தப் பரீட்சையில் உடன்பாடில்லை. பத்து வயதுப் பிள்ளையை அப்படி நெருக்குவது கொடுமை. ஆனாலும் புதிதாக வந்த ஆசிரியர் தன் முதல் முயற்சியை அங்கே வைத்தால் பெற்றோரின் பயத்தோடு மோதவேண்டி வரும். தரம் 10, 11 உம் சாதாரண தரப் பரீட்சையால் அப்படித்தான். தரம் 3, 4 நல்லது. தரம் 6 இலிருந்து 8 வரை இன்னும் நல்லது.

தவணையில் இரண்டாவதுதான் சரி. முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். பெரும்போக அறுவடையும் அப்போதுதான், வயலுக்குப் போகும் பிள்ளைகள் வரமாட்டார்கள். மூன்றாம் தவணையில் ஒக்டோபர் தொடக்கம் வடகீழ்ப் பருவமழை. வெள்ளம் வந்தால் பாடசாலையே இடைத்தங்கல் முகாமாக மாறலாம், பிறகு ஆண்டிறுதிப் பரீட்சை வந்துவிடும். இரண்டாம் தவணையிலும் நாட்காட்டியைப் பாருங்கள். முல்லைத்தீவுப் பக்கம் என்றால் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வாரத்தைத் தவிருங்கள், வகுப்பு பாதியாகிவிடும்.

முதல் முயற்சிக்கு ஐந்து வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை போதும். இரண்டையும் அடுத்தடுத்த பாடவேளையாக நேரசூசியில் மாற்றித் தரும்படி கேளுங்கள். ஒரு பாடவேளைக்குள் பிள்ளைகள் சாமான் எடுத்து அடுக்கவே நேரம் போய்விடும். இந்த மாற்றத்தைத் தவணை தொடங்குமுன் கேட்கவேண்டும். நேரசூசி ஒட்டியபின் கேட்டால் இன்னும் மூன்று ஆசிரியர்களின் பாடவேளை குலையும், நியாயமாகவே மறுப்பார்கள்.

2. தலைப்பு: எல்லாக் குழுவுக்கும் ஒரே வேலையைக் கொடுக்கவேண்டாம்

இதைக் கவனமாக வாசியுங்கள். ஐந்து குழுவுக்கும் “சூழல் மாசடைதல்” என்று ஒரே தலைப்பைக் கொடுத்தால் ஐந்து சுவரொட்டி வரும். சுவரில் ஒட்டியவுடனே எது வடிவு என்று பிள்ளைகள் பார்ப்பார்கள், போட்டி திரும்பி வந்துவிடும். வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு பொருளை வையுங்கள். அதன் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு குழுக்கள் செய்யட்டும். ஒரு பகுதி இல்லாவிட்டால் முழுதும் நிற்காது என்ற நிலை இருக்கவேண்டும்.

வன்னியில் இதற்குக் குளத்தைவிட நல்ல தலைப்பு கிடையாது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் போன்ற பெரியவை இருக்கட்டும், பாடசாலைக்கு நடந்து போகும் தூரத்தில் அநேகமாக ஒரு சிறு குளமாவது இருக்கும். ‘எங்கள் குளம்’ என்று ஒரு பெரிய சுவர்ப் புத்தகம். ஒரு குழு வரைபடம், ஒன்று தண்ணீர் வயலுக்குப் போகும் வழி, ஒன்று மீனும் பறவையும், ஒன்று அலைகரை மரங்கள், ஒன்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையும் நீர்ப் பங்கீடும். புவியியல், விஞ்ஞானம், தமிழ், சித்திரம் எல்லாம் இதற்குள் வரும்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வரைபடக் குழுவில் எல்லாப் பாடத்திலும் கூடிய புள்ளி எடுக்கும் பிள்ளை, குளக்கட்டில் துருசையும் வானையும் ஒரே இடத்தில் வரைந்திருந்தாள். வாயே திறக்காத ஒரு பெடியன், கடைசி வாங்கில் இருப்பவன், எழும்பி வந்து அதைப் பார்த்தான். “துருசு கீழ இருக்கும், வயலுக்குத் திறந்து விடுறதுக்கு. வான் மேல, குளம் நிரம்பினாப் பிறகு மிச்சம் பாயிறதுக்கு. ரெண்டும் ஒண்டில்லை” என்று விரலால் காட்டினான். தகப்பனோடு தண்ணீர் கட்டப் போகும் பிள்ளை அவன். அவள் அழித்துவிட்டு, அவனையே பக்கத்தில் இருத்தி, கேட்டுக் கேட்டுத் திரும்ப வரைந்தாள். பிழையில்லாத வரைபடம் வந்தது. வினாத்தாளில் 20 புள்ளி தாண்டாதவனிடம் இவ்வளவு தெளிவு இருப்பதை வேறு எந்த வழியிலும் நான் கண்டிருக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ‘என் குடும்பம்’, ‘குடும்ப மரம்’, ‘அப்பாவின் தொழில்’ போன்ற தலைப்புகளைப் புதிதாக வந்தவர் எடுக்கவேண்டாம். 2009 இல் முடிந்த போரில் இந்த மண்ணில் இழப்பில்லாத வீடுகள் குறைவு. அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகளும், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்துப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கக்கூடும். பெரியவர்களிடம் கதை கேட்கப் போகும் குழுவுக்கும் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். குளம், பயிர், மழை, திருவிழா என்ற எல்லைக்குள் கேள்விகள் நிற்கட்டும்.

3. அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம்

வாய்மொழி அனுமதியை நம்பவேண்டாம். அதிபர் மாறலாம். நீங்கள் விடுமுறையில் நிற்கும் நாளில் மேற்பார்வைக் குழு வரலாம். ஒரு பக்கத்தில் இவ்வளவும் இருக்கவேண்டும்: தரம், பாடம், பாடத்திட்டத்தின் எந்தத் தேர்ச்சி மட்டம், எத்தனை பாடவேளை, தொடங்கும் முடியும் திகதிகள், செலவு, வெளியே போகும் நாள், புள்ளியிடும் முறை. தேர்ச்சி மட்டத்தின் இலக்கத்தைக் கட்டாயம் எழுதுங்கள். அது இருந்தால் பாடத்திட்டத்துக்கு வெளியே ஏதோ செய்கிறீர்கள் என்று எவரும் சொல்லமுடியாது.

இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடக் குறிப்புப் புத்தகத்திலும் அதே விடயத்தை அதே திகதிகளில் எழுதுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் உங்கள் பாடத்துக்குரிய ஆசிரிய ஆலோசகருக்கும் ஒரு பிரதியைக் காட்டுங்கள். அவர் ஒருமுறை வந்து பார்த்து, நல்லது என்று சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எனக்கு அந்த இரண்டு வரி பின்னாளில் பெரிய பாதுகாப்பாக இருந்தது.

4. பெற்றோரை முன்கூட்டியே சந்தியுங்கள்

தனியாகக் கூட்டம் வைக்கவேண்டாம். கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். முன்னேற்ற அறிக்கை கொடுக்கும் நாளில் அல்லது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தின் முடிவில் இருபது நிமிடம் கேளுங்கள்.

விளக்கம் சொல்வதைக் குறைத்து, அவர்களையே செய்ய விடுங்கள். நான்கு பேராக இருத்தி, ஒரு பெரிய கடதாசியும் பென்சிலும் கொடுத்து, ஊரிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வரையச் சொல்லுங்கள். அங்கே சந்தி, இங்கே ஆலமரம் என்று அவர்களே வாதாடி, சிரித்து, வரைந்து முடிப்பார்கள். அப்புறம் ஒரு பழைய சாதாரண தர வினாத்தாளை எடுத்துக் காட்டுங்கள். “காரணம் தருக”, “விளக்குக”, “ஒப்பிடுக” என்ற கேள்விகளைக் கோடிட்டு வையுங்கள். இன்னொரு பிள்ளைக்கு விளங்கப்படுத்திப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கேள்விகள் எழுத வரும் என்று சொல்லுங்கள். பரீட்சை முக்கியமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காணியும் வீடும் இழந்து திரும்பி வந்தவர்களுக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் கையிலிருக்கும் சொத்து. அவர்களின் பயம் நியாயமானது.

கேட்கப்போகும் கேள்விகள் இரண்டு. “கெட்டிக்காரப் பிள்ளை மற்றவைக்குச் சொல்லிக் குடுத்து நேரத்தை வீணாக்குமா?” சொல்லிக் கொடுக்கிற பிள்ளைக்குத்தான் பாடம் ஆழமாகப் பதியும், தனிப்புள்ளியும் தனியாக இருக்கிறது என்று 9 ஆம் பகுதியில் உள்ள புள்ளிப் பிரிப்பைக் காட்டுங்கள். “என்ர பிள்ளை எத்தினையாம் பிள்ளை எண்டு எப்படித் தெரியும்?” தவணைப் பரீட்சை வழமைபோல நடக்கும் என்று உறுதி கொடுங்கள். அன்றே வெளிச்செல்லும் நாளுக்கான சம்மதக் கடிதத்திலும் கையொப்பம் வாங்கிவிடலாம். பிள்ளையின் படம் எடுப்பதற்கான சம்மதத்தையும் அதே தாளில் தனி வரியாகச் சேருங்கள்.

5. செலவு

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு 2500 ரூபாவைத் தாண்டாமல் திட்டமிடுங்கள். பிரிஸ்டல் போட், மார்க்கர், பசை, போட்டோ கொப்பி, இவ்வளவுதான் வாங்கவேண்டியவை. பழைய பெரிய நாட்காட்டிகளைக் கடைகளில் கேட்டால் சும்மா தருவார்கள், அவற்றின் பின்பக்கம் வரைவதற்கு அருமையாக இருக்கும். புடவைக் கடை அட்டைப்பெட்டி, காய்ந்த இலை, விதை, பனையோலை எல்லாம் காசில்லாதவை. முதலில் பென்சில், கடைசியில்தான் மார்க்கர் என்று விதி வைத்தால் பிரிஸ்டல் போட் மிச்சமாகும்.

பிள்ளைகளிடம் காசு சேர்க்கவேண்டாம். அனுமதியில்லாமல் வாங்கினால் முறைப்பாடாக மாறும். அதைவிட, கொண்டுவர முடியாத பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கே வராது. “வீட்டில இருந்து கொண்டு வாங்கோ” என்பதும் அதேதான். கற்பித்தல் பொருட்களுக்காகப் பாடசாலைக்கு வரும் தர உள்ளீட்டு நிதியில் வாங்கலாம், ஆனால் வருடத் திட்டத்தில் முன்பே பெயர் இருக்கவேண்டும், பணம் வர நாளெடுக்கும். அபிவிருத்திச் சங்கம் தருவதென்றால் கூட்ட அறிக்கையில் தீர்மானம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக் காசைப் போட்டாலும் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

6. குழு பிரித்தல்

நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து. ஆறாம் ஆள் வேடிக்கை பார்ப்பார். கெட்டிக்காரர் ஒரு குழு, மெதுவானவர் ஒரு குழு என்று பிரிக்கவே கூடாது. நண்பர்களையும் முழுதாகச் சேர்க்கவேண்டாம். ஒரே ஊரிலிருந்து ஒரே பேருந்தில் வரும் பிள்ளைகள் ஒரு குழுவுக்குள் இரண்டு பேராவது இருந்தால் நல்லது, ஒருவர் வராவிட்டால் மற்றவர் செய்தி சொல்லுவார்.

குழுத் தலைவர் என்று ஒருவரை நியமிக்கவேண்டாம். நியமித்தால் மாணவத் தலைவர்தான் அங்கும் தலைவராவார். வாசிப்பவர், எழுதுபவர், சாமான் பார்ப்பவர், நேரம் பார்ப்பவர் என்று நான்கு பொறுப்பு. ஒவ்வொரு வாரமும் மாறவேண்டும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு எழுதும் முறை வரும்போது மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதட்டும், நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. குழுவுக்கு இலக்கம் போடாதீர்கள். பாலை, வீரை, முதிரை, மருது, இலுப்பை என்று மரப்பெயர் வையுங்கள்.

ஒன்பது பத்துப் பிள்ளைகள் மட்டும் உள்ள சிறு பாடசாலை என்றால் தரம் 6 ஐயும் 7 ஐயும் சேர்த்துச் செய்யலாம். அந்த ஆசிரியரின் பெயரும் கடிதத்தில் இருக்கவேண்டும்.

7. வெளியே போகும் நாள்

பாடசாலை எல்லைக்கு வெளியே போவதற்கு அதிபரின் எழுத்து அனுமதி வேண்டும். வலயத்தின் அனுமதி தேவையா, அதற்கு எத்தனை நாள் முன் அனுப்பவேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டு, ஆறுதலாக மூன்று வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

போக நினைக்கும் வழியில் முதல் நாளே நீங்கள் ஒருமுறை நடந்து பாருங்கள், கிராம அலுவலரிடமும் கமக்காரர் அமைப்பிலும் விசாரியுங்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை உள்ள பக்கம் போகவே கூடாது. பலகை இல்லாத இடத்திலும் பாவனையிலுள்ள பாதையை விட்டு விலகவேண்டாம். தெரியாத உலோகப் பொருளைத் தொடாமல் பெரியவரிடம் சொல்லவேண்டும் என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். காட்டோரக் குளங்களில் யானை நடமாட்டமும் இருக்கும். அதையும் ஊரவரிடம்தான் கேட்கவேண்டும்.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் திரும்புங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதில் ஒரு ஆசிரியை. தண்ணீருக்குள் இறங்குவது இல்லை. சோளகக் காற்றுக் காலத்தில் கடதாசிகளுக்குக் கல்லோ கவ்வியோ வேண்டும், இல்லாவிட்டால் வரைபடம் குளத்தில்தான்.

8. வகுப்பில் நடக்கும்போது

சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைத்து, முடிந்தால் மரநிழலுக்கு மாறுங்கள்.

ஒருவர் செய்ய மற்றவர்கள் பார்த்திருப்பதுதான் குழு வேலையின் பெரிய நோய். இதற்கு நல்ல முறை ஒன்று உண்டு. 1971 இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் புதிதாக ஒன்றாகப் படிக்கத் தொடங்கி மோதிக்கொண்டிருந்தபோது, எலியட் அரன்சன் என்ற உளவியலாளரும் அவரது மாணவர்களும் உருவாக்கியது. பாடத்தை நான்கு துண்டாக்கிக் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுக்கவேண்டும். ஒரே துண்டு கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழும்பி வந்து ஒன்றாக இருந்து படிப்பார்கள். பிறகு தன் குழுவுக்குத் திரும்பி மற்ற மூவருக்கும் சொல்லிக் கொடுக்கவேண்டும். கடைசியில் எல்லோருக்கும் தனித்தனிச் சிறு பரீட்சை. அந்தத் துண்டு அந்தப் பிள்ளையிடம் மட்டும் இருப்பதால் மற்றவர்கள் அதன் வாயைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். குளம் வேலை தொடங்குமுன் ஒரு அலகை இப்படிச் செய்து பழக்குங்கள். நான்கு துண்டையும் நான்கு அரைத்தாளில் போட்டோ கொப்பி எடுத்தால் போதும்.

நீங்கள் குழுவிடம் போகும்போது, “என்ன செய்தீங்கள்?” என்று கையுயர்த்தும் பிள்ளையிடம் கேட்காமல், எவராவது ஒருவரைச் சுட்டிக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் திட்டவேண்டாம். “சரி, ஐந்து நிமிடத்தில் திரும்பி வாறன், இவவுக்குச் சொல்லிக் குடுங்கோ” என்றுவிட்டு நகருங்கள். ஒரு மாதத்தில் குழுவே எல்லோரையும் தயார்ப்படுத்தத் தொடங்கிவிடும்.

பாடசாலை விட்டபின் எவரையும் மறிக்கவேண்டாம். ஒன்றரைக்கு விட்டால் அடுத்த பேருந்து சில ஊர்களுக்கு மாலையில்தான்.

9. புள்ளி

20 புள்ளிக்கு வையுங்கள். தனியாக எழுதும் சிறு பரீட்சைக்கு 10, தன் குழுவின் வேலையை வாயால் விளக்குவதற்கு 5, குழுவாகச் செய்ததற்கு 5. குழுப் புள்ளி இதற்கு மேல் போனால் உழைத்த பிள்ளை மனம் நோகும், பெற்றோரும் வந்து நிற்பார்கள். தேர்ச்சிக் கணிப்பீட்டுப் பதிவில் அந்த அலகுக்குரிய இடத்தில் இதையே பதியலாம். அதே பதிவை இரண்டாம் முறை எழுதவேண்டியதில்லை.

குழுக்களின் 5 புள்ளியை வாசித்துக் காட்டவேண்டாம், சுவரிலும் போடவேண்டாம். கடைசியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டில் “எனக்கு யார் எதில் உதவினார்” என்று ஒரு வரி எழுதட்டும். அந்தத் துண்டுகளை முன்னேற்ற அறிக்கை கொடுக்கும் நாளில் உதவிய பிள்ளையின் பெற்றோரிடம் கொடுங்கள். ‘நிலை’ கட்டத்தில் 27 என்று பார்த்துப் பழகிய ஒரு தாய், “வாய்க்கால் எப்படி ஓடும் எண்டு இவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினவன்” என்ற வரியை வாசித்துவிட்டு அந்தத் துண்டை மடித்துத் தன் கைப்பையில் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எனக்காகப் பேசியவர் அவர்தான்.

10. பரிசளிப்பும் நன்கொடையும்

பரிசளிப்புக் குழு பட்டியல் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே போய், உங்கள் வகுப்புக்குச் சுவர்ப் புத்தகத்துக்காக எல்லோருக்கும் சான்றிதழ் கேளுங்கள். முதல் மூன்று பரிசை நிறுத்தும்படி முதல் வருடமே கேட்டால் கதவு மூடிவிடும். வெளிநாட்டிலிருந்து உதவும் பழைய மாணவர்கள் பெரும்பாலும் “வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களுக்கு” என்றுதான் பணம் அனுப்புவார்கள். அவர்களுக்குச் சுவர்ப் புத்தகத்தின் படங்களை அதிபர் மூலமாக அனுப்பி, வகுப்பு வாசிப்புப் புத்தகப் பெட்டிக்கோ வரைபொருளுக்கோ தரமுடியுமா என்று கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். பணம் பாடசாலைக் கணக்கிற்கு வரவேண்டும். உங்கள் சொந்தக் கணக்கிற்கு ஒரு ரூபாவும் வரக்கூடாது.

11. கோப்பு

ஒரு கோப்பில் இந்த ஒழுங்கில் வையுங்கள்: அதிபரின் கையொப்பமிட்ட கடிதம், பெற்றோர் சம்மதம், பற்றுச்சீட்டுகள், குழுப் பட்டியலும் பொறுப்பு மாறிய விதமும், நான்கு துண்டுத் தாள்கள், புள்ளித் தாள், சில படங்கள். வெளிவாரி மதிப்பீட்டுக்கு வருபவர்கள் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கலாம். கஷ்டப் பிரதேச சேவைக் காலம் முடிந்ததும் உங்களுக்கு இடமாற்றம் வரும், அநேகமாக வருடத் தொடக்கத்தில், அவசர அவசரமாக வரும். கோப்பின் போட்டோ கொப்பியை நீங்கள் கொண்டுபோங்கள். மூலக் கோப்பையும் சுவர்ப் புத்தகத்தையும் பொருட்பதிவேட்டில் பதிந்து, அடுத்த வகுப்பாசிரியரின் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.